கோலைத் தேர்வது யார்?

தோற்கருவிப் பயிற்சியைப் பற்றி நம்மிடையே நிகழும் உரையாடல்கள் பெரும்பாலும் தாளம், சொற்கட்டு, பாடத்திட்டம், பரீட்சை என்னும் நான்கு எல்லைகளுக்குள்ளேயே சுழன்று நின்றுவிடுகின்றன. மாணாக்கரின் கையிலுள்ள கோல் எம்மரத்தினாலாயது, எவ்வளவு கனமுடையது, கருவியின் தோலுக்கும் பிடிக்கும் கைக்கும் அது பொருந்துமா, அதனைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்னும் வினாக்களை எவரும் எழுப்புவதில்லை. அற்பமான பொருளென்று இவ்வினாக்களை ஒதுக்குவோர் உளர். ஆயினும், ஒரு சமுதாயத்தில் அறிவு யாரிடம் இருக்கிறது, அதிகாரம் யாரிடம் இருக்கிறது, இரண்டும் ஏன் பிரிந்து கிடக்கின்றன என்பதை இச்சிறு கோலைக் கொண்டே அளந்துவிடலாம் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

முல்லைத்தீவு மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். வைகாசி விசாகத்தையொட்டி வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் நிகழும் பொங்கல், வன்னிப் பெருநிலத்து மக்கள் பெருந்திரளாகக் கூடும் விழாக்களுள் ஒன்று. சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கேற்றி, பின்னர் வற்றாப்பளைக்குச் செல்லும் வழிபாட்டு மரபும், முல்லைமோடி என்று இப்பகுதியின் பெயராலேயே வழங்கும் பாணியில் ஆடப்பெறும் கோவலன் கூத்தும் ஒரே கதையின் இரு கிளைகள். அக்கூத்தில் மத்தளம் கைகளால் முழக்கப்படுகின்றது. கோயில் வீதியில் தவில் ஒரு கையில் கோலும் மறு கையில் விரற்கூடுகளுமாக ஒலிக்கின்றது. இறப்பு வீட்டிலும் கிராமத் தெய்வங்களின் முன்றிலிலும் நீள் உருளை வடிவான பறைமேளம் கோல் கொண்டு அடிக்கப்படுகின்றது. 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வந்து வன்னிக் காடுகளை வயல்களாக்கிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், ஒருமுகத் தோலும் வட்டச் சட்டமுமுடைய தப்பைத் தம்மோடு கொண்டுவந்தன. அதற்கு இரு கோல்கள். இவற்றோடு, ஆண்டின் முதலாந் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டி வந்ததும் பாடசாலை மைதானங்களில் பாண்ட் வாத்தியக் குழுவின் பெரிய மேளமும் சிறிய மேளமும் முழங்குகின்றன.

ஐந்து முழவுகள், அவற்றுள் நான்கு கோலை வேண்டுபவை. ஆயினும், கல்வியின் உயர்பீடத்தில் வீற்றிருப்பது கோல் தீண்டாத மிருதங்கமே. பாடசாலைகளில் தமிழ் மாணாக்கர் பெரும்பாலும் பயிலும் இசைப் பாடத்தின் பெயரே கர்நாடக சங்கீதம் என்பதாகும். கையால் வாசிக்கும் முழவு சபையிலும் பரீட்சை மண்டபத்திலும் ஏறியிருக்க, கோலும் கையும் கலந்த தவில் கோயில் வீதியில் நிற்க, கோலாலேயே முழங்கும் பறை சுடலை வழியில் நடக்கிறது. இவ்வரிசை ஒலியின் தரத்தால் அமைந்ததா, வாசிப்போரின் சாதித் தரத்தால் அமைந்ததா என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம். மிருதங்கத்தின் நுண்மையை எவரும் மறுக்கவில்லை. அதன் நுண்மையைப் போற்றுவதற்குக் கோற்கருவிகளின் நுண்மையைக் காணாது விடுதல் எதற்கு என்பதே நமது கேள்வி.

பண்டை இலக்கியம் இவ்வாறு காணாது விடவில்லை. முரசை அறையும் கோலுக்குக் கடிப்பு என்றும் குணில் என்றும் சங்கச் செய்யுள்களில் தனிச் சொற்கள் உண்டு. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைத் தொகுக்குமிடத்துத் தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் சேர்த்தே எண்ணுகின்றார். துடியன், பாணன், பறையன், கடம்பன் என்போரன்றிக் குடிகள் வேறில்லை என்னும் கருத்தமைந்த பாட்டொன்று புறநானூற்றில் மாங்குடி கிழாரால் பாடப்பட்டுள்ளது. கண்ணகியின் கதையைக் காப்பியமாக்கிய இளங்கோ, அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன் ஆகியோரின் வரிசையிலே தண்ணுமை முதல்வனையும் நிறுத்தி, அவன் பெற்றிருக்க வேண்டிய தகுதிகளை விரிவாக வகுத்துரைக்கின்றார். முழவு வாசிப்பவன் ஆசிரியன் என்று கொள்ளப்பட்ட காலம் அது. அக்காலம் சமத்துவம் நிலவிய பொற்காலம் என்று கூற நாம் வரவில்லை. அரசனின் முரசு கட்டிலேறியிருந்ததும், குடிகளின் பறை தெருவில் நின்றதும் அக்காலத்திலேயே தொடங்கிவிட்ட வேறுபாடுகள்தாம். அவ்வேறுபாடு பிற்கால நிலமானிய அமைப்பில் பிறப்பின் மீது சுமத்தப்பட்ட இழிவாக இறுகியது என்பதே வரலாறு.

கடிப்பு என்னும் சொல் இன்று தமிழரின் பேச்சில் அருகிவிட்டது. ஆனால் நமது அயலில் வாழும் சிங்கள மக்களின் தவுல் வாசிப்போர் தம் கோலைக் கடிப்புவ என்றே இன்றும் அழைக்கின்றனர். இரு சொற்களின் ஒப்புமை மனங்கொள்ளத்தக்கது. விகாரைகளில் ஒலிக்கும் தம்மெட்டம என்னும் இரட்டை முழவுக்கு, நுனியை வளையமாக வளைத்துக் கட்டிய இரு கொடிக்கோல்களை அவர்கள் பயன்படுத்துகின்றனர். எந்தக் கொடியை எடுப்பது, எவ்வளவு வளைப்பது என்பது அங்கே ஒரு கல்வி. பெரவா எனப்படும் முழவுச் சாதியினர் மீதான இழிவு சிங்களச் சமுதாயத்தில் முற்றாக ஒழிந்துவிடவில்லை. எனினும், அவர்தம் முழவு மரபுகள் 2005இல் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்ட கொழும்பின் கட்புல, ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகத்திலே பட்டப்படிப்புக்குரிய பாடமாகிவிட்டன. அங்கே அரசும் தேசியப் பெருமிதமும் முழவுக்குத் துணைநின்றன. முழவுக்காரருக்கு எவ்வளவு துணைநின்றன என்பது வேறு கேள்வி. இங்கேயோ முழவுக்கே துணை குறைவு.

இனி, கோலைத் தேர்தல் என்பதிலே அப்படி என்ன அறிவு அடங்கியிருக்கிறது என்று கேட்பாருக்கு விடை கூறுதல் வேண்டும்.

தவிலின் தொப்பிப் பக்கத்தை அடிக்கும் கோல் குறுகியது, பருத்தது. பூவரசு மரத்தில் கடையப்படுவது. மறுபுறத்து வலந்தலையை வாசிக்கும் விரல்களில், துணியும் பசையும் கொண்டு இறுகச் செய்த கூடுகள் மாட்டப்படுகின்றன. ஒரே கருவியின் இருபுறத்திலும் இரு வேறு கடினங்கள். அவற்றின் உறவே தவிலின் குரல். இணுவிலில் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்த தட்சிணாமூர்த்தி (1933–1975) பாக்கு நீரிணையின் இருகரையிலும் புகழ்பெற்றபோது, இரசிகர்கள் அவருடைய விரல்களின் வேகத்தையே வியந்து பேசினர். அவ்விரல்களுக்கு அடித்தளமிட்டுக் கொடுத்தது தொப்பியின் கோல் என்பதைத் தொழில் தெரிந்தோர் அறிவர். மலையகத்துத் தப்புக்கும் தமிழகத்துப் பறைக்கும் வேண்டுவன இரு வேறு கோல்கள். ஒன்று மூங்கிலைச் சீவிச் செய்த நீண்ட மெல்லிய சுண்டுகுச்சி. மற்றையது குறுகிப் பருத்த அடிக்குச்சி. மெல்லியது தோலின் மேல் நீளமாகப் படிந்து சீறும். பருத்தது நடுவில் குத்தி எழுந்து முழங்கும். இரண்டையும் ஒரே கனத்தில் செய்து கொடுத்தால் அக்கருவி பாதி ஊமையாகிவிடும்.

இதன் பௌதிகம் எளியது. வன்மையான நுனி தோலைத் தொட்டவுடனே விலகுகின்றது; ஆகவே கூர்மையான மேலொலிகள் எழுகின்றன. மென்மையான நுனி தோலோடு சற்று நீண்ட நேரம் ஒட்டி நிற்பதால் அவ்வொலிகளை அமிழ்த்தி ஆழ்ந்த ஒலியை மட்டும் எஞ்சவிடுகின்றது. பிரெஞ்சு இசையாக்குநர் பேர்லியோஸ் 1830இல் அரங்கேறிய தமது கற்பனைச் சிம்பொனியில் பெருமுழவுகளை எக்கோலால் அடிக்க வேண்டுமெனக் குறித்து, கடற்பஞ்சு நுனியுடைய கோலைச் சில இடங்களில் கட்டாயமாக்கினார். 1844இல் வெளியான தமது வாத்தியவியல் நூலிலும் மரநுனி, தோல் போர்த்த நுனி, கடற்பஞ்சு நுனி என்னும் மூவகையையும் பிரித்து ஆராய்ந்தார். ஐரோப்பிய முழவுக் கலைஞர் பலர் இன்றும் தமது கோல்களைத் தாமே செய்துகொள்கின்றனர். அங்கே அது கலையின் உறுப்பாக மதிக்கப்படுகின்றது. நமது பறைக்கலைஞர் கத்தியெடுத்துக் கோல் சீவினால் மாத்திரம் அது கூலிவேலையாகிவிடுகின்றது!

வன்னி நிலத்தின் பருவங்களும் இவ்வறிவைக் கோருகின்றன. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடைமழை பெய்யும்போது தோல் ஈரம் குடித்துத் தளர்கின்றது. நெருப்பில் காய்ச்சி இறுக்க வேண்டியிருக்கின்றது. ஆடி வெயிலில் அதே தோல் விறைத்து நிற்கின்றது. தளர்ந்த தோலுக்கு ஏற்ற கோல் விறைத்த தோலைப் புண்ணாக்கும். காட்டுமரங்களுள் பாலை மிகக் கனமானது. அதில் செய்த கோல் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டை அரைமணி நேரத்தில் ஓய்த்துவிடும். நமது வேலிகளில் கதியாலாக நிற்கும் பூவரசோ கனத்திலும் வைரத்திலும் நடுத்தரமானது. மரத்தின் ரேகை கோலின் நீளத்தோடு ஓடாமல் குறுக்கே வெட்டுப்பட்டிருந்தால் அடிக்கும்போது பிளக்கும். பிடிக்குமிடம் அடிப்புறத்தினின்று ஏறத்தாழ மூன்றிலொரு பங்குத் தொலைவில் அமையாவிட்டால், கோல் தானாக எழும்பாது. கையே அதைத் தூக்க நேரிடும். இவையனைத்தும் ஏட்டிலே படித்து முடிக்கக்கூடியவையல்ல. அறிந்தவர் ஒருவர் அருகிலிருந்து, கோலை மாற்றிக் கொடுத்து, ஒலியைக் கேட்கச் செய்தாலொழிய இவ்வறிவு இளங்கைகளுக்கு இறங்காது.

பாடசாலைகளில் நிகழ்வது யாது? பாண்ட் வாத்தியக் குழுவுக்குக் கடையிலிருந்து கருவிகள் வரும். அவற்றோடு ஒரே அளவான கோல்களும் வரும். ஆறாந் தரத்துச் சிறுமிக்கும் உயர்தர வகுப்பு இளைஞனுக்கும் அவையே வழங்கப்படுகின்றன. பெரிய மேளத்துக்குரிய கம்பளித் தலைக்கோல் கிழிந்தால் கந்தற்றுணி சுற்றப்படும். எத்துணியை எத்தனை சுற்றுச் சுற்றினால் ஒலி எவ்வாறு மாறும் என்று ஆராயும் அருமையான வாய்ப்பு அங்கே இருந்தும், அதைப் பாடமாக்குவார் இல்லை. பிரமுகர் வந்து கொடியேற்றும் நேரத்துக்குள் அணிநடை சரிவர வேண்டும் என்பதே குறிக்கோள். ஊதல் ஒலித்ததும் அடிக்கவும் மீண்டும் ஒலித்ததும் நிறுத்தவும் பிள்ளைகள் பழக்கப்படுகின்றனர். காதைத் தீட்டும் பயிற்சியாக இருக்க வேண்டியது கட்டளைக்குக் கீழ்ப்படியும் பயிற்சியாகிவிடுகின்றது. பணிச்சுமைக்கு நடுவே பாடுபடும் ஆசிரியரைக் குறைகூற இதனை எழுதவில்லை. அவருக்கே எவரும் கோலைப் பற்றிக் கற்பிக்கவில்லை என்பதே இதிலுள்ள அவலம்.

தாளத்தின் தோற்றம் கூட்டுழைப்பிலே உள்ளது என்று கார்ல் பியூக்கர் 1896இல் வெளியிட்ட ஆய்வும், அதனை வளர்த்துச் சென்ற ஜோர்ஜ் தொம்சனின் எழுத்துக்களும் முற்போக்கு வாசகர் அறிந்தவை. உழைப்பின் தாளம் உழைப்பாளரின் கையில் இருக்கும்போது விடுதலையின் தாளமாகலாம். எசமானின் கையில் சிக்கும்போது அது அடிமையின் தாளமாகும். மலையகத் தோட்டங்களிலே விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக் களத்துக்கு அழைத்தது தப்பொலிதான். அதே தப்பு காமன் கூத்தில் அம்மக்களின் சொந்த மகிழ்ச்சிக்காக முழங்கியது. கருவி ஒன்று, கோல் ஒன்று, அடித்த கையும் ஒன்று. ஆயினும் முதலாவதில் என்ன அடிப்பதென்பதைத் துரை தீர்மானித்தான், இரண்டாவதில் தப்படித்தவரே தீர்மானித்தார். இன்றைய வகுப்பறை இவற்றுள் எதனைப் பின்பற்றுகின்றது என்று நாம் நேர்மையோடு கேட்டுக்கொள்ள வேண்டும்.

அறிந்தவர்கள் இல்லாமற் போகவில்லை. பாடசாலையின் வேலிக்கு அப்பால் அவர்கள் இருக்கின்றனர். ஆனால் அவர்களிடம் சான்றிதழ் இல்லை. இருப்பது பிறப்பினால் சுமத்தப்பட்ட பெயர். சாவு வீட்டுக்கு அழைக்கப்படும் அவர்கள் வகுப்பறைக்கு அழைக்கப்படுவதில்லை. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் இலங்கையில் 1957இல் நிறைவேறியது. மாவிட்டபுரத்தில் 1968இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. கோயிற் கதவுகளைத் திறப்பதற்கே இத்துணைப் போராட்டம் வேண்டியிருந்த மண்ணில், கலையறிவின் கதவு தானாகத் திறந்துவிடும் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

இவ்விடத்தில் ஒடுக்கப்பட்டோர் மத்தியிலிருந்தே ஒரு வலுவான எதிர்ப்பு எழுவதுண்டு. பறை நமது அடிமைச் சின்னம். அதைத் தூக்கியெறிவதே விடுதலை. மீண்டும் நம் பிள்ளைகளின் கழுத்தில் அதனை மாட்டாதீர்கள் என்பதே அவ்வெதிர்ப்பு. இதனை எவரும் எளிதில் புறந்தள்ளிவிட முடியாது. தமிழகத்தின் தென்னார்க்காட்டுப் பகுதியில் எல். இளையபெருமாள் சாவுப்பறை அடிக்க மறுக்கும் இயக்கத்தை நடத்தினார். ஈழத்திலும் இத்தொழிலைக் கைவிட்டு வெளியேறியோர் பலர். கட்டாயத்தின் பேரில் அடிக்கப்பட்ட பறையை மறுத்தது மானமுள்ள செயல். அம்மறுப்பு இல்லாவிடில் இன்று நாம் பறையைக் கலையென்று பேசும் தகுதியே பெற்றிருக்க மாட்டோம்.

அவ்வாறு மறுத்தவர்களின் அடுத்த தலைமுறையினர் சிலரே, தம் விருப்பால், தம் நிபந்தனையோடு பறையை மீண்டும் கையிலெடுத்தனர் என்பதையும் நாம் காண வேண்டும். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு தலித் இளம்பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. கே. ஏ. குணசேகரன் (1955–2016) மக்கள் இசையை மேடைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டுசென்றார். மதுரை மாவட்டத்துப் பறைக்கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவருடைய பெயரோடு ஒட்டி நிற்கும் ஆசான் என்னும் சொல்லே நமது வாதத்துக்குச் சான்று.

வேறொரு திசையிலிருந்தும் ஆபத்து வருகின்றது. பறை ஆதித் தமிழனின் வீர இசை என்று மேடையில் முழங்குவோர் இன்று பெருகியுள்ளனர். ஒரே நிறச் சட்டையும் ஒளிவிளக்கும் ஒலிபெருக்கியும் கூடி, பத்து நிமிடத்தில் பெரும் எழுச்சி உண்டாகின்றது. நல்லதே. ஆனால் அம்மேடைக்குக் கோலைச் சீவிக் கொடுத்தவர் யார்? தோலை வாட்டிக் கட்டியவர் யார்? அந்த அடிகளை முதலில் அடித்துக் காட்டியவர் யார்? அறிவிப்பாளரின் பட்டியலில் அவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. மிருதங்கத்தைச் செய்யும் கைவினைஞர் குடும்பங்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா எழுதிய நூல் 2020இல் வெளிவந்தபோது, அதன் வெளியீட்டுக்கு அளித்திருந்த அரங்க அனுமதியைச் சென்னைக் கலாக்ஷேத்திரம் திரும்பப் பெற்றுக்கொண்டது. கருவியைப் பூசிப்போர் கருவி செய்வோரைப் பற்றிய பேச்சுக்குக் கூசும் இம்மனப்பான்மை, பறையைப் புகழும் நம்மவரிடமும் வேறுருவில் உறைந்து கிடக்கின்றது. பெருமிதம் இனத்துக்கு, இழிவு சாதிக்கு என்று பங்கிடுவது பண்பாட்டுத் துறையில் நிகழும் சுரண்டலேயன்றி வேறல்ல.

முல்லைத்தீவுக்கு இவ்வினா ஏனைய இடங்களைவிட அவசரமானது. 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களிலே இம்மண்ணின் மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை ஒடுங்கினர். உயிர்தப்பியோர் வவுனியாவின் மெனிக் பாம் முகாம்களுக்கு உடுத்த துணியோடு கொண்டுசெல்லப்பட்டனர். அந்நாள்களில் மத்தளத்தையும் பறையையும் தூக்கிச் சென்றவர் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? கருவிகளைப் பின்னர் விலைக்கு வாங்கலாம். இறந்துபட்ட முதியவரின் கையிலிருந்த தேர்வறிவை எக்கடையிலும் வாங்க இயலாது. எஞ்சியிருப்போரும் முதுமை எய்திவருகின்றனர். அவர்தம் அறிவு அவர்களோடு மண்ணுக்குள் போய்விடுமாயின், போர் தொடங்கிவைத்த அழிவை நமது அலட்சியம் முடித்துவைத்ததாகும்.

செய்ய வேண்டியது என்ன? முல்லைத்தீவு, துணுக்காய் ஆகிய இரு கல்வி வலயங்களிலும் பறை, தப்பு, தவில், மத்தளம் வாசிக்கும் மூத்த கலைஞர்களை வருகைதரு ஆசிரியர்களாக, அவர்தம் பெயரோடும் மதிப்பான ஊதியத்தோடும் அழைத்தல் வேண்டும். தோற்கருவிப் பாடத்தின் முதல் மாதத்தைச் சொற்கட்டுக்கு முன்னதாகக் கோலுக்கு ஒதுக்கலாம். மூன்று மரங்களில் செய்த மூன்று கோல்களைப் பிள்ளைகளின் முன் வைத்து, கண்ணை மூடச் செய்து, ஒரே தோலில் அடித்துக் காட்டி, என்ன வேறுபாடு கேட்டதென்று அவர்களையே சொல்லச் செய்யலாம். பின்பு வேலிப் பூவரசின் கிளையொன்றைக் கழித்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் கைக்கேற்ற கோலைத் தானே சீவிக்கொள்ளப் பழக்கலாம். இதற்குப் பெருந்தொகை நன்கொடை எதுவும் வேண்டியதில்லை. பறைமேளத்தையும் தப்பையும் ஒருங்கே வைத்து வாசிக்கும்போது, வன்னியின் பழங்குடிகளும் மலையகத்திலிருந்து வந்தோரும் ஒருவர் தாளத்தை மற்றவர் கேட்பர்; காணி, திருமணம் முதலிய பலவற்றில் இன்னும் நீங்காதிருக்கும் இடைவெளியைக் கடக்க அதுவும் ஒரு சிறு பாலமாகலாம்.

இதிலே ஒரு நிபந்தனை மீறப்படலாகாது. எந்தப் பிள்ளைக்கும் அதன் சாதியைப் பார்த்துப் பறை கொடுக்கப்படக் கூடாது. எந்தப் பிள்ளையும் சாதியைக் காட்டிப் பறையை மறுக்கவும் கூடாது. வகுப்பிலுள்ள அனைவரும் பயில வேண்டும், அல்லது அத்திட்டத்தைத் தொடங்கவே கூடாது. தம் பிள்ளை பறைக்கோலைத் தொடுவதா என்று பெற்றோர் சிலர் அதிபரிடம் வந்து முறையிடுவர்; ஐயமில்லை. அன்று அவர்களுக்கு என்ன விடை கூறுவது என்பதை ஆசிரியர் இன்றே தீர்மானித்துக்கொள்ளுதல் நன்று. சாதி ஒழிப்பைப் பற்றி ஆண்டுதோறும் கட்டுரைப் போட்டி வைக்கும் பாடசாலைக்கு, அம்முறைப்பாடே மெய்யான பரீட்சையாக அமையும்.

கல்வியியற் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயிலும் இளைஞர்கள் இன்னொரு பணியையும் மேற்கொள்ளலாம். தத்தம் ஊர் முழவுக்கலைஞர்களிடம் சென்று, எக்கருவிக்கு எம்மரம், எவ்வளவு நீளம், எப்பருவத்தில் வெட்டுவது, எவ்வாறு உலர்த்துவது, எந்த அடிக்கு எப்பிடி என்பவற்றை அவர்தம் சொற்களிலேயே எழுதி வைத்தல் வேண்டும். அவ்வேட்டின் முகப்பில் சொன்னவரின் பெயரை முதலிலும் எழுதியவரின் பெயரை அடுத்தும் பொறித்தல் வேண்டும். கோலைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த பிள்ளை நாளை தாளத்தையும் தானே தேர்ந்தெடுக்கும். அப்பிள்ளைகள் வளர்வதற்குரிய வகுப்பறையை அமைக்கும் பொறுப்பு, இவ்விதழை வாசிக்கும் ஆசிரியர்களையும் மாணாக்கர்களையும் சார்ந்ததாகும்.